பதினேழாவது கிணறு

மைதானத்திலிருந்து அந்தக் கூச்சல் வந்தபோது தனகோடி பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் பாலாறு வரைந்துகொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக வரைகிற ஆறு. நந்தி மலையில் நீலச் சாக்பீஸை ஊன்றினால் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று இறங்கிக் கடலில் போய்ச் சேரும்வரை கையை எடுக்க மாட்டார். கிளை ஆறுகள் அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். அச்சில் அடித்தது போல இருக்கும். ஆனால் அவருடைய ஆறு கடலைத் தொட்டபோது ஒரு பிள்ளைகூட இப்படிக் கத்தியதில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் வேப்பமரத்தடியில் நின்றது. பெஞ்சுகளைக் கோணலும் மாணலுமாக அடுக்கி, மேலே யாருடையதோ பழைய கல்யாண பேனரை விரித்திருந்தார்கள். பெஞ்சு உயர்ந்த இடம் மலை, பேனர் தொய்ந்த இடம் பள்ளத்தாக்கு. மாப்பிள்ளையின் நெற்றி மலை உச்சியில் இருந்தது. பெண்ணின் பட்டுப்புடவை பள்ளத்தில் கிடந்தது. அறிவியல் ஆசிரியை எழிலரசி பூவாளியைத் தூக்கி மாப்பிள்ளை தலையில் மழை பெய்ய வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ பாருங்க," என்று மாப்பிள்ளையின் மீசைமேல் ஒரு கைப்பிடி குங்குமத்தைக் கொட்டினாள்.

தண்ணீர் சிவந்து, மாலையைத் தாண்டி, பெண்ணின் கழுத்து வழியாக இறங்கிக் கீழ்முனையில் சொட்டியது. அங்கே கண்ணாடி டம்ளரோடு நின்ற ஜெயப்பிரகாஷ் குதித்தான். "டீச்சர், எங்க ஊட்டுக்கு வந்துடுச்சு!"

"நீ இன்னாடா தப்பு பண்ணே?"

"நான் ஒண்ணுமே பண்ணல டீச்சர். சும்மா நின்னுனு இருந்தேன்!"

"அதான் பாடம். மேல இருக்கறவன் கொட்டறது, கீழ சும்மா நிக்கறவன் டம்ளருக்கு வரும். இதுக்குப் பேருதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. பரீட்சைல இதையே எழுதுங்க. மார்க் போடலன்னா என்கிட்ட வாங்க."

பரீட்சையில் அந்தக் கேள்வியைக் கேட்பவர் சமூக அறிவியல் ஆசிரியர் தனகோடி. மார்க் போடுபவரும் அவர்தான்.

"சார், நாங்களும் போய் ஒரு நிமிஷம் பாத்துட்டு வரட்டுமா?" என்றது பின்பெஞ்சு.

"ஒக்காரு," என்றார். மீதி ஆற்றை வரைந்தபோது கை ஒருமுறை தவறியது. வேலூருக்குக் கிழக்கே ஒரு சின்ன உடைப்பு. அழித்துத் திரும்பப் போட்டார். யாரும் கவனிக்கவில்லை.

எழிலரசி அந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முப்பத்தொரு வயது, சொந்த ஊர் காவேரிப்பாக்கம். வந்த முதல் வாரமே பள்ளிக்குப் பின்னால் ஓடுகிற நாரைக் கானாற்றைப் பார்த்துவிட்டு வந்து, "இது ஆறா சார்?" என்று கேட்டவள். கேட்டதில் தப்பில்லை. மலையிலிருந்து இறங்கிப் பாலாற்றில் சேர்கிற அந்தக் கானாற்றில், தோல் ஆலைகளின் கழிவுநீர் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக ஆரம்பித்துப் பல வருஷம் ஆன பிறகும், படுகை கறுப்பாகவே கிடந்தது. சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருந்தது. வெட்டிப்போட்ட தோல் துண்டுகளும் கோழிக்கடைக் கழிவும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவள் பிள்ளைகளை இறக்கினாள். நூறு நாள் வேலைப் பெண்களைப் பேசிக் கொண்டுவந்து சேர்த்தாள். முள் போனது; குறுக்கே கல் தடுப்புகள் வந்தன; போன கார்த்திகையில் முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் நாற்பது நாள் நின்றது. பிள்ளைகளுக்கு அறிவியல், கணக்கு, தமிழ் எல்லாமே அந்தக் கானாற்றில்தான் நடந்தது. தனகோடி போகவில்லை. முட்டி வலி என்று சொல்லியிருந்தார்.

முட்டி வலி இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய வலி ஒன்று அவர் வீட்டு பீரோ மேல் சுருண்டு கிடந்தது.

நான்கு சார்ட் பேப்பரை ஒட்டி வரைந்த வரைபடம் அது. நாரைக் கானாற்றின் இரண்டு கரையிலும் நாற்பத்து மூன்று கிணறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் டி.டி.எஸ். மீட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போய், தண்ணீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்று பார்த்துக் குறித்தது. மூவாயிரம், நாலாயிரம் என்று சிவப்பு மையில் கிடந்த கிணறுகள் நடுவே பச்சை மையில் ஒன்றிரண்டு. மழைக்கு முன், மழைக்குப் பின், பொங்கலுக்கு, சித்திரைக்கு. யாருக்கும் காட்டியதில்லை. யாராவது கேட்பார்கள் என்று இருந்தார்.

கேட்கவும் செய்தாள். அதுதான் அவரால் தாங்க முடியாதது. வந்த மாதமே எழிலரசி, "சார், இந்தப் பக்கத்துக் கெணறுங்களப் பத்தி உங்களுக்கு நல்லாத் தெரியும்னு சொன்னாங்க. கொஞ்சம் சொல்றீங்களா?" என்றாள். நின்றபடி கேட்டாள். ஒரு கால் வாசலுக்கு வெளியே இருந்தது. சாக்பீஸ் கேட்பது போல இருந்தது அவருக்கு. பதினோரு வருஷத்தை நின்றபடி வாங்கிக்கொண்டு போய்விடுவாளா?

"புக்லயே எல்லாம் இருக்குது மேடம்," என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். திரும்பக் கேட்கவில்லை. அவள் திரும்பக் கேட்காததையும் அவர் மன்னிக்கவில்லை.

இந்த வருஷம் ஒரு திட்டத்தில் பள்ளிக்கு உறிஞ்சு கிணறு ஒன்று கிடைத்தது. தண்ணீர் எடுக்கிற கிணறு இல்லை, கொடுக்கிற கிணறு. மழைநீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து, சிமென்ட் உறை இறக்கிய குழிக்குள் விட்டால், அது மண்ணுக்குள் இறங்கிச் சுற்றிலும் உள்ள கிணறுகளுக்குப் போகும். இடத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும் என்றாள் எழிலரசி. ஒன்பது இடத்தில் ஓரடிக் குழி. ஒவ்வொன்றிலும் ஒரு குடம் தண்ணீர். எத்தனை நிமிஷத்தில் மண் குடிக்கிறது என்று செல்போனில் பார்க்க வேண்டும். எட்டு இடத்தில் முக்கால் மணி, ஒரு மணி என்று ஆனது. தண்ணீர் குழிக்குள் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது இடம் கானாற்றின் மேற்குக் கரையில் முள்ளுக்காடு. முள்ளை வெட்டியது போன மாதம்தான். பெயர் மட்டும் இன்னும் முள்ளுக்காடு.

அன்றைக்குத் தனகோடியும் அங்கே இருந்தார். தலைமையாசிரியர் சாமுவேல், "ஒரு நாளாவது போய்ட்டு வாங்க சார், போட்டோவுக்கு ஆள் வேணும்," என்று அனுப்பியிருந்தார். சௌமியா என்ற பெண் குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போனது.

"நாலு நிமிஷம் இருவது செகண்ட்!" என்று ஜெயப்பிரகாஷ் கத்தினான்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். எழிலரசியைச் சுற்றிக்கொண்டு கைதட்டினார்கள். யாரோ ஒருவன் விசில் அடித்தான். அவள் சிரித்தாள், காது வரை சிவந்தது. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் பிறந்தவள். அவள் ஊரில், சட்டென்று குடிக்கிற மண் நல்ல மண். அதற்குமேல் அங்கே யாரும் மண்ணைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

தனகோடி குழியைப் பார்த்தார். குழியின் ஓரத்தில் பழைய சுண்ணாம்புத் தளம் ஒரு சாண் கனத்துக்கு உடைந்து நீட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது ஏதோ இடிந்த சுவர். அவருக்கு வாயில் உப்புக் கரித்தது.

அது உப்புக் களம்.

வடக்கேயிருந்து லாரியில் வருகிற பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு மடித்திருப்பார்கள். ஆலைக்குள் போகுமுன் அந்த உப்பைத் தட்டி உதற வேண்டும். அதற்கென்று ஒரு களம். பழைய ஆலை ஒன்று முப்பது வருஷம் அதை இங்கேதான் செய்தது. தட்டிய உப்பு மலை மலையாகக் கிடந்து, மழையில் கரைந்து, தளத்தின் விரிசல் வழியே இறங்கியது. ஆலை மூடி இன்னொரு முப்பது வருஷம் ஆகிவிட்டது. சுவரை இடித்து எடுத்துக்கொண்டு போனார்கள், முள் வந்து மூடியது, ஊரில் பாதிப்பேர் வெளியூரிலிருந்து வந்து குடியேறினவர்கள். மேலே ஓரடி வண்டல் படிந்த அந்தத் தளம்தான் இத்தனை நாள் ஒரு மூடி போல மழையைக் கானாற்றுப் பக்கம் வழியவிட்டுக்கொண்டிருந்தது. அந்த மூடியில் ஓட்டை விழுந்த இடத்தில் பிள்ளைகள் குடத்தைக் கவிழ்த்திருக்கிறார்கள். இனி வாய்க்கால் கொண்டுவருகிற பதினோரு ஏக்கர் மழையும் அந்த ஓட்டை வழியாக உப்பின் வயிற்றுக்குள் போகும். போய், சரிவின் கீழே இருக்கிற முதல் கிணற்றுக்கு வரும்.

முதல் கிணறு, வரைபடத்தில் எண் பதினேழு. பச்சை மை. அறுநூற்று நாற்பது.

இது அவருக்கு வரைபடத்தால் மட்டும் தெரிந்ததில்லை. அவருடைய அப்பா அந்தக் களத்தில் பத்தொன்பது வருஷம் உப்புத் தட்டினார். சாயங்காலம் வந்து சோற்றில் கை வைத்தால் விரல் வெடிப்பெல்லாம் எரியும். அதனால் அம்மா உருட்டிக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தனகோடி இதைச் சொன்னதில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் எழிலரசி அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை உட்கார்ந்தே கேட்டாள்.

"சார், மண்ணு பரிசோதனைக்கு அனுப்பிருக்கேன். ரிசல்ட் வர ஒரு மாசம் ஆகுமாம். ஹெச்.எம். சார் அதுக்குள்ள தெறப்பு விழா தேதி கொடுத்துட்டாரு. எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்குது. நீங்க இந்த ஊர்க்காரரு. அந்த எடம் பரவால்லியா? நீங்க சரின்னா எனக்கு சரி."

தனகோடி பேனாவின் மூடியைக் கழற்றினார். மாட்டினார். வெளியே யாரோ மணி அடித்தார்கள். எந்த வகுப்புக்கு என்று மனசில் கணக்குப் போட்டார். அவள் காத்திருந்தாள். காத்திருக்கத் தெரிந்தவளாக வேறு இருந்தாள்.

"தண்ணி சீக்கிரமா எறங்கும்," என்றார் கடைசியில்.

பொய் இல்லை. அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கமும் பொய் இல்லை. அவள், "தேங்க்ஸ் சார்," என்று எழுந்து போனாள்.

உறை இறங்கிற்று. ஒன்று, இரண்டு, ஐந்து. தினமும் பிள்ளைகள் வந்து கதை கதையாகச் சொன்னார்கள். தனகோடி வீட்டில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு காட்சியை ஓட்டிப் பார்த்தார். மழை வருகிறது. ஒரு மாதத்தில் பதினேழாவது கிணறு கரிக்கத் தொடங்குகிறது. தெரு கூடுகிறது. எழிலரசி திகைத்து நிற்கிறாள். அப்போது அவர் வரைபடத்தோடு வருகிறார். விரிக்கிறார். "இத மொதல்லயே என்கிட்ட கேட்டிருந்தா…" என்று ஆரம்பிக்கிறார். அந்த இடத்தில் எப்போதும் தடுக்கியது. கேட்டிருந்தாள். இரண்டு முறை கேட்டிருந்தாள். சரி, அந்த வாக்கியம் வேண்டாம் என்று எடுத்துவிட்டு வேறு வாக்கியம் போட்டார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொள்கிற இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வந்தது.

விழா திங்கட்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் மழைக்கு முன் ஒரு அளவு குறித்துவிட வேண்டும். பின்னால் காட்ட அது தேவைப்படும். மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பதினேழாவது கிணற்றுக்குப் போனார்.

கிணறு அஜீஸுன்னிசா வீட்டுக் கொல்லையில் இருந்தது. நாற்பத்தைந்து வயது, பள்ளிகொண்டாவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், கணவர் இல்லை. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. கொல்லைக் கதவுக்குப் பூட்டு கிடையாது. காலையில் தெரு முழுக்க அந்தக் கிணற்றில்தான் குடம் நிரப்பும்.

"வா சார், வா. நாடி புடிச்சுப் பாக்க வந்துட்டியா?" என்றார்.

தனகோடி வாளியில் மீட்டரை நனைத்தார். அறுநூற்று நாற்பது.

"எப்பிடிக்கீது என் கெணறு?"

"நல்லாருக்குது."

"நல்லாத்தான் இருக்கும். போன வாரம் அந்த டீச்சர் பொண்ணு வந்து ஒக்காந்து ஒரு மணி நேரம் சொல்லிச்சு. மேல கட்றாங்களே, அதுலேர்ந்து தண்ணி மண்ணுக்குள்ளாற நடந்து வந்து இங்க சேருமாம். கோடைல கூட வத்தாதாம். நீயும்தான் பத்து வருஷமா வர்றே, ஒரு நம்பரச் சொல்லிட்டுப் பூடறே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. அஜீஸுன்னிசா சட்டென்று ஓடி, சுவரோரம் சாய்த்திருந்த ஒரு பெரிய தகரத்தை இழுத்தார். "அந்தப் பக்கம் புடி சார். மழைன்னா நான் மூடிடுவேன். எல வுழும், காக்கா எச்சம் வுழும், கூரைத் துரு வுழும். தெருவே குடிக்கிற தண்ணி. மேலேர்ந்து ஒரு தூசு உள்ள போவக் கூடாது."

தனகோடி தகரத்தின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் அதைக் கிணற்று வாயில் வைத்தார்கள். அஜீஸுன்னிசா நான்கு மூலையிலும் நான்கு கல் வைத்தார். ஒரு கல் ஆடியது. குனிந்து, சின்ன ஓடு ஒன்றை அடியில் செருகி, ஆடாமல் ஆக்கினார்.

"அவ்ளோதான். இனி பயமில்ல," என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. தனகோடி அந்தச் சின்ன ஓட்டுத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், மூஞ்சி இப்பிடிப் போவுது? உள்ள வா, நனையறே பாரு."

தனகோடி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில், முட்டி வலியோடு, மேட்டைப் பார்த்து ஓடினார். சைக்கிள் அங்கேயே கிடந்தது.

முள்ளுக்காட்டில் வாய்க்கால் நிறையத் தொடங்கியிருந்தது. செம்மண் தண்ணீர் வளைந்து வளைந்து வந்து உறைக்குள் விழுந்துகொண்டிருந்தது. சத்தம் ஆழத்திலிருந்து வந்தது. கொத்தனார்கள் விட்டுப்போன மணல் மூட்டைகள் ஓரமாகக் கிடந்தன. ஒன்றை இழுத்து வாய்க்கால் வாயில் போட்டார். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது. இன்னொன்று. மண்ணைக் கையால் வாரி அடைத்தார். அடைக்க அடைக்க ஒரு பக்கம் உடைத்தது. மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். விரலெல்லாம் கீறல், எரிந்தது.

"டீச்சர்! தனகோடி சார் நம்ம கெணத்த மூடறாரு!"

ஜெயப்பிரகாஷின் குரல். பின்னால் சௌமியாவும் ஐந்தாறு பிள்ளைகளும் பிளாஸ்டிக் கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் தண்ணீர் உள்ளே போவதைப் பார்க்க ஆசையாக ஓடி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே எழிலரசி, குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு.

"சார், இன்னா பண்றீங்க?"

பிள்ளைகள் முகத்தில் இருந்ததை அவர் படித்தார். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எப்போதோ தெரிந்திருந்தது. விசில் அடித்த அன்றைக்கு அவர் முகம் போன போக்கைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். இப்போது அந்த முகம்தான் கிணற்றை மூடுகிறது என்று நினைக்கிறார்கள். முற்றிலும் தப்பும் இல்லை.

"வயித்தெரிச்சல்," என்று யாரோ ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்.

தனகோடி சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்தார். சௌமியாவிடம் நீட்டினார். "நீ பாரும்மா. மொதல்ல வானத்துத் தண்ணி."

அவள் எழிலரசியைப் பார்த்தாள். எழிலரசி தலையாட்டினாள். சௌமியா பாட்டில் மூடியில் மழையைப் பிடித்து மீட்டரை நனைத்தாள். "பதினெட்டு."

"இப்போ இந்த மண்ணு." உடைந்த தளத்துக்கு அடியில் கைவிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்து வேறொரு மூடியில் போட்டார். மழை அதை நனைத்துக் கூழாக்கியது. "கலக்கிட்டு, தெளிஞ்சதும் வை."

தெளிய நேரம் ஆனது. யாரும் நகரவில்லை. சௌமியா மீட்டரை வைத்தாள், எடுத்தாள், துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"நம்பரே வரல டீச்சர். மீட்டரயே தாண்டிப் போய்டுச்சு."

"இது உப்புக் களம்," என்றார் தனகோடி. "டேனரிக்கு வர்ற தோல்லேர்ந்து உப்புத் தட்ற எடம். முப்பது வருஷம் தட்டுனாங்க. தளத்துக்கு அடில பூரா அதான். எறங்கற தண்ணி நேரா அஜீஸுன்னிசா வீட்டுக் கெணத்துக்குத்தான் போவும்."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றான் ஜெயப்பிரகாஷ், இன்னும் நம்பாமல்.

"எங்கப்பா இங்கதான் உப்புத் தட்டுனாரு."

எழிலரசி உடைந்த தளத்தைப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள். உள்ளே விழுகிற தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"நீங்க குடம் ஊத்தன அன்னிக்கே."

"ஸ்டாஃப் ரூம்ல நான் ஒக்காந்து கேட்டப்போ?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சார் சொல்லல?"

நல்ல நல்ல காரணங்கள் தயாராக இருந்தன. பரிசோதனை முடிவு வரட்டும் என்று இருந்தேன். தலைமையாசிரியர் அவசரப்படுத்தினார். நிச்சயமாகத் தெரியவில்லை. எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. தனகோடி கையிலிருந்த சேற்றை மழையில் நீட்டினார். அது கரைந்து போனது.

"புள்ளைங்க உங்களுக்குக் கை தட்னாங்க," என்றார்.

எழிலரசி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு குடையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடா வேடிக்கை? மூட்டையத் தூக்குங்க!"

எல்லோரும் சேர்ந்து அடைத்தார்கள். அவர் பக்கத்தில் நின்று அடைத்த ஜெயப்பிரகாஷ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மழை விடும்போது வாய்க்கால் தளத்துக்கு மேலாக வழிந்து கானாற்றுக்குத் திரும்பியிருந்தது.

திங்கட்கிழமை விழா நடக்கவில்லை. சாமுவேல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார். தனகோடி நின்று கேட்டுக்கொண்டார். உறைக்குழியைக் களிமண்ணால் இறுக்கி மூடினார்கள். வரைபடத்தை அவர் எழிலரசியின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். அவள் இரண்டு வாரம் அவரைச் "சார்" என்று கூப்பிடவில்லை. கூப்பிடாமலே பேசினாள்.

வரைபடம் ஒன்பதாம் வகுப்புச் சுவரில் ஏறியது. பிள்ளைகள் பச்சை மையும் சிவப்பு மையும் ஏன் என்று சண்டை போட்டு, கிழக்குக் கரையில் வேறொரு இடத்தைக் கண்டுபிடித்தார்கள். குடம் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டது. பரவாயில்லை என்றார்கள். தனகோடி வராந்தாவில் நின்று கேட்டார். அவருடைய கிணறுகளை அவள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் வரைந்த படத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? நெஞ்சுக்குள் பழைய இடத்தில் பழையபடி ஒன்று சுருக்கென்றது. அது எங்கும் போய்விடவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதினேழாவது கிணற்றுக்குப் போனார். மூன்றாவது வாரம் அறுநூற்று அறுபது. ஐந்தாவது வாரம் எழுநூற்றுப் பத்து. அடைப்பதற்கு முன்னால் இறங்கிய அரைமணி நேரத் தண்ணீர் மண்ணுக்குள் நடந்து வந்து சேர்ந்துகொண்டிருந்தது. ஏழாவது வாரம் எழுநூற்று எண்பது.

அஜீஸுன்னிசா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார், ஏறுதா?"

"ஏறுது."

"எறங்குமா?"

"மேல மூடியாச்சு. நாலு மழ நல்லாப் பேஞ்சா கழுவினு பூடும்னு நெனைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியல." தனகோடி மீட்டரைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "இது என்னால வந்ததும்மா. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

அஜீஸுன்னிசா கீரைத் தண்டை ஒடித்தார். இன்னொன்றை ஒடித்தார்.

"தெரியும். சௌமியா அன்னிக்கே வந்து சொல்ட்டா. நீயா சொல்றியான்னு பாத்துனு இருந்தேன். ஏழு வாரம் ஆச்சு உனுக்கு."

எழுந்து போய் வாளியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து வந்து நீட்டினார். "குடி."

குடித்தார். தொண்டையின் அடியில், விழுங்கி முடித்த பிறகு, மெல்லியதாகக் கரித்தது. அஜீஸுன்னிசா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொம்பை முழுக்கக் காலி செய்தார்.

"பழையபடி அறுநூத்தி நாப்பது வர்ற வரைக்கும் வாரா வாரம் வரணும் நீ."

"வர்றேன்."

"தனியா வராத. அந்த டீச்சர் பொண்ணக் கூட்டினு வா. அவ சொன்னா எனக்குப் புரியுது."

தனகோடி காலிச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தெருவிலிருந்து யாரோ குடத்தோடு கொல்லைக் கதவைத் தள்ளி வரும் சத்தம் கேட்டது, கயிறு இறங்கியது, வாளி தண்ணீரைத் தொட்டது, நிறைந்து மேலே ஏறியது. அஜீஸுன்னிசா அவசரப்படுத்தவில்லை.

"கூட்டினு வர்றேன்," என்றார்.